ஆல்பம் அறையின் மூங்கில் ஏடுகள்

2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. காலை 9.40. சிவகாசியில், விருதுநகர் சாலையில் உள்ள காலண்டர் அச்சகத்தின் ஆல்பம் அறையில் அப்போது இருந்தவர்கள் ஆறு பேர். அச்சகத்தின் உரிமையாளர் பெத்தணன், வயது எழுபத்திரண்டு. அவருடைய ஒரே மகன் விக்னேஷ்குமார். நிர்வாகமும் அச்சுப்பிழை பார்ப்பதும் அவன் பொறுப்பு. பெத்தணனின் தம்பி மகள் அழகுமீனா. டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய சீன வரலாறு கற்பிப்பவள். வாயிற்காவலர் கோட்டைச்சாமி. தாள் அடுக்கும் பிரிவில் வேலை செய்யும் மாரிசெல்வி, வயது இருபத்து நான்கு. புகாரின் பேரில் வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் முத்துமாரியம்மாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் யாரும் உண்மையில் அங்கே இருக்கவில்லை.

அறையின் நடுவில் ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே சிவப்பு வெல்வெட் விரிப்பு. விரிப்பின் மேல் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை வரை அங்கே பதினெட்டு மூங்கில் ஏடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், விரல் அகலம். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாகச் சீன எழுத்து. துளைகளில் கயிறு கோத்துப் பாய்போல் கட்டியிருந்தது. 2009-இல் அச்சு எந்திரம் வாங்கச் சீனாவுக்குப் போனபோது பெத்தணன் வாங்கி வந்தவை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய அரசவை எழுத்தர் எழுதிய ஆண்டேடு என்று விற்றவன் சொன்னான். பதினாறு வருடமாக ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும், அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பார்க்க வரும் வெளியூர் வியாபாரிகளுக்கு அவர் முதலில் காட்டுவது அதைத்தான். இந்தத் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு அதை விருதுநகரில் ஒரு கல்லூரியின் அருங்காட்சியகத்துக்கு வழங்குவதாக ஏற்பாடு. அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டது. அழகுமீனா பேசுவதாக இருந்தது.

காலை 7.15-க்குக் கோட்டைச்சாமி அறையைத் திறந்தார். பேழை பூட்டியபடி இருந்தது. ஏடுகள் இல்லை. 7.30-க்குப் பெத்தணன் வந்து சாவி நோட்டைக் கேட்டார். 7.50-க்கு விக்னேஷ்குமார் கொண்டுவந்து கொடுத்தான். எட்டு மணிக்குக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள்.

முத்துமாரியம்மாள் முதலில் காவலரைக் கூப்பிட்டார்.

"கடைசியா எப்பப் பாத்தீரு?"

"சனிக்கிளம ராத்திரி பூட்டும்போது இருந்துச்சு தாயி. கண்ணாடி வழியாத் தெரியும்ல."

"நேத்து?"

"நேத்து நான் உள்ள வரல. ஞாயித்துக்கிளமதான், ஆனா சீசன்ல ஞாயிறு ஏது? வேலை நடந்துச்சு. கிரகணம்னு அஞ்சு மணிக்கே எல்லாரையும் அனுப்பிட்டாக. பொளுது சாயுமுன்ன சாப்புட்டு முடிக்கணும்ல."

"சாவி?"

"என் ரூமுல ஆணியில தொங்கும். ஒரே வளையத்துல ரூம்பு சாவி, பெட்டிச் சாவி ரெண்டும். தினமும் நாலு மணிக்கு டீ குடிக்கப் போவேன். நேத்து வந்து பாக்கேன், ஆணி வெறுசாக் கெடக்கு. நாலரைக்குப் பாத்தா சாவி இருக்கு."

"யாரு எடுத்ததுன்னு விசாரிக்கலையா?"

"நோட்டுல எளுதாம யாரும் எடுக்க மாட்டாக தாயி. அப்புறம் என்னத்தக் கேக்க?" கோட்டைச்சாமி தோளைக் குலுக்கினார். "இந்த ரூம்புக்கு வாரதே குறைச்சல். வெள்ளிக்கிளம நான் ஒரு தடவை ஆல்பம் எடுக்க வந்தேன், கேரளாப் பார்ட்டிக்கு. அவுக வரவே இல்ல. ஓணமாம். போன் போட்டா எடுக்கவும் இல்ல. லோடு அப்படியே கெடக்கு."

நோட்டு மேசை மேல் இருந்தது. அச்சகத்திலேயே கோடு போட்டு, ஓரத்தில் துளையிட்டு, வளையக் கோப்பில் மாட்டிய தாள்கள். பெத்தணனின் தகப்பனார் காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு விதி உண்டு. காலண்டர் அடிக்கிற இடத்தில் எதை எழுதினாலும் தேதியோடு நட்சத்திரமும் எழுத வேண்டும். சாவி நோட்டுக்கும் அதே விதி. எழுதுவது அலுவலக மேசையில் இருக்கும் விக்னேஷ்குமார். சாவி வாங்குகிறவர்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். எழுதும்போது நட்சத்திரத்தை யாரும் யோசிப்பதில்லை. சுவரில் தொங்கும் தினசரித் தாளைப் பார்த்து எழுதிவிடுவார்கள். தினமும் விடிந்ததும் முந்தைய நாளின் தாளைக் கோட்டைச்சாமி கிழித்துவிடுவார்.

கடைசித் தாளில் மூன்று வரிகள்.

செப். 5, மிருகசீரிடம், காலை 11.00, கோட்டைச்சாமி.

செப். 6, திருவாதிரை, காலை 10.15, அழகுமீனா.

செப். 7, புனர்பூசம், மாலை 4.10, மாரிசெல்வி.

மூன்றாவது வரியின் முடிவில் "மா" என்று ஒற்றை எழுத்து.

"மாரிசெல்வி. இது உன் கையெழுத்துதானே?"

"மா போட்டா நான்தானா மேடம்? உங்க பேருலயும் மா இருக்கே."

"வாய் நீளுது."

"நான் சாவி வாங்கினது சனிக்கிளம. ஆல்பத்தத் தொடைக்கச் சொன்னாக, தொடச்சேன். நேத்து வாங்கவே இல்ல. நேத்து நாலரை வரைக்கும் தாளு அடுக்கிட்டு நேரா வீட்டுக்குப் போனேன்."

"சனிக்கிழமைன்னா அந்த வரி எங்க?"

"அத எளுதுனவுகளக் கேளுங்க."

முத்துமாரியம்மாள் விக்னேஷ்குமாரைப் பார்த்தார். அவன் தாளைப் பார்த்தபடி, "அவ தேதிய மறந்திருப்பா" என்றான்.

"நேத்துப் போகும்போது கையில பை வச்சிருந்தியா?"

"சோத்துப் பாத்திரம் வச்ச பை. அந்த மூங்கிலத் தூக்கிட்டுப் போயி நான் என்ன செய்ய? பல்லு குத்தவா?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பொருள்" என்றார் பெத்தணன். அதுவரை அவர் உட்காரவில்லை. "அதுக்கு விலையே கெடையாது."

"எனக்கு அது தெரியுமா மொதலாளி? களவாங்கப் போறவ நோட்டுல பேர எளுதிட்டா போவா?"

"எழுதாமச் சாவி வராதுல்ல" என்றார் முத்துமாரியம்மாள்.

பெத்தணன் தாளை விரலால் தொட்டார். "நோட்டு பொய் சொல்லாது. இந்தக் கம்பெனியில எங்க அய்யா காலத்துல இருந்து ஒரு தாள் களவு போனதில்ல. நான் ஒருத்தர் மேலயும் சும்மா பழி போடுறவன் இல்ல. ஆனா எழுத்துல இருக்கு."

10.05. முத்துமாரியம்மாள் முடிவைச் சொன்னார். பதினொரு மணிக்கு ஜீப் வரும். மாரிசெல்வியை நிலையத்துக்குக் கூட்டிப்போய் விசாரிக்க வேண்டும்.

மாரிசெல்வியின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "மேடம், ஆட்டோவுல வாரேன். நடந்துகூட வாரேன். ஜீப்பு வேண்டாம். எங்க ஊரு நாரணாபுரத்து ஆளுக பாதிப்பேரு இந்த ரோட்டுலதான் வேலைக்குப் போறாக. எங்கம்மா வேலுத்தாயி பட்டாசுக் கம்பெனியில இருபது வருசமா வேலை பாக்கா. ஜீப்புல ஏறுன பிள்ளைய நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் உள்ள விடுவான்? எனக்கு மட்டுமா? எங்கம்மாவையும்தான் கேப்பாக."

முத்துமாரியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

அழகுமீனா அதுவரை சன்னலோரம் நின்றிருந்தாள். அந்த ஏடுகளின் மதிப்பு என்னவென்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை காலை முக்கால் மணி நேரம் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்திருந்தாள். பார்த்ததைப் பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை.

ஜீப் வர நேரம் இருந்தது. முத்துமாரியம்மாள் குறிப்பெழுதிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க இதைத்தான் படிக்கீங்களாக்கும். அம்புட்டுப் பழசா எழுதி வச்சத எப்படி நம்புறது? நான் நேத்து எழுதுன வாக்குமூலத்தையே இன்னைக்கு இல்லைங்கான்."

"முழுசா நம்ப மாட்டோம்" என்றாள் அழகுமீனா. "பழைய சீனாவுல, கிழக்குப் பக்கம் ஒரு சின்ன நாடு. அங்க அரசவை எழுத்தர்கள் இருநூத்திச் சொச்சம் வருஷம் விடாம எழுதியிருக்காங்க. அரசர் செத்தது, படை போனது, வெட்டுக்கிளி விழுந்தது. இதெல்லாம் நடந்துச்சான்னு இன்னைக்கு யாரைப் போயிக் கேக்க? ஆனா சூரிய கிரகணத்தையும் எழுதியிருக்காங்க. முப்பத்தேழு. மனுஷங்களைச் சரிபார்க்க முடியாது. வானத்தைச் சரிபார்க்கலாம். பின்னோக்கிக் கணக்குப் போட்டா எந்த நாள் எந்த ஊர்ல கிரகணம்னு வந்துரும்."

"பொருந்துதா?"

"முப்பத்து மூணு பொருந்துது."

"பாத்தியா விக்னேசு?" என்றார் பெத்தணன். அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. "எழுதினவங்க பொய் சொல்லல."

"மிச்சம் பொருந்தலையே பெரியப்பா. ரெண்டு இடத்துல அடுத்தடுத்த மாசம் சூரிய கிரகணம்னு எழுதியிருக்கு. ஒரே ஊர்ல அடுத்தடுத்த அமாவாசையில கிரகணம் தெரியவே தெரியாது. அன்னைக்கு எழுத்தர் வானத்தைப் பார்க்கலை, கையில இருந்த நாள் கணக்கைப் பார்த்து எழுதிட்டாருன்னு சிலர் சொல்றாங்க. ஏடு கலைஞ்சு வரி இடம் மாறிட்டுதுன்னும் சொல்றாங்க. எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். நாலு வரி பொய்யின்னு மத்ததைத் தூக்கிப் போடக் கூடாது. மத்ததெல்லாம் சரிங்கிறதுக்காக அந்த நாலு வரியை நம்பவும் கூடாது. வரி வரியாத்தான் பாக்கணும்."

"எங்க பொழைப்புதான் உங்களுக்கும்" என்று முத்துமாரியம்மாள் சிரித்தார்.

10.25. பேசியபடியே அழகுமீனா சாவி நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். தன் பெயர் இருந்த வரியைப் பார்த்தாள். நேரம் சரி. 10.15-க்குத்தான் சாவி வாங்கினாள். அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். பிறகு மேல் வரி, கீழ் வரி. முந்தைய தாள்களைப் புரட்டினாள். அவற்றின் ஓரங்களில் அச்சு மை பட்ட விரல் ரேகைகள் இருந்தன. கடைசித் தாளின் ஓரம் மட்டும் கறையில்லாமல் இருந்தது. சுவரைப் பார்த்தாள். செப்டம்பர் 8, திங்கள், பூரட்டாதி. அதற்கு முந்தைய தாள் இல்லை.

நோட்டை மூடினாள்.

"பெரியப்பா, வெளியில வாங்க. உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை சொல்லணும்."

"களவைப் பத்தியா?"

"ஆமா."

"அப்ப இங்கனயே சொல்லு. அந்தப் பிள்ளை மேல பழி விழுந்தது நாலு பேர் முன்னால. விலகுறதா இருந்தா அதுவும் நாலு பேர் முன்னாலதான் விலகணும். தனியாப் பேசி முடிக்கிற வழக்கம் நம்ம வீட்டுல கெடையாது."

"யோசிச்சுச் சொல்லுங்க பெரியப்பா."

"யோசிச்சாச்சு."

அவள் மாரிசெல்வியிடம் திரும்பினாள்.

"நேத்து என்ன திதி?"

"என்னக்கா இது? கிரகணம்லா. சந்திர கிரகணம் பௌர்ணமிக்குத்தான வரும்."

"நட்சத்திரம்?"

"ஆவணிப் பௌர்ணமின்னா அவிட்டம், சதயம், பூரட்டாதி, இதுக்குள்ளதான் வரும். இன்னைக்குப் பூரட்டாதின்னு தொங்குது. அப்ப நேத்து சதயம்."

அழகுமீனா நோட்டை அவள் முன்னால் திறந்து வைத்தாள். "இந்த மூணு வரியையும் பேரை விட்டுட்டு வாசி."

காலையிலிருந்து அந்தத் தாளை ஐந்து பேர் பார்த்திருந்தார்கள். எல்லாரும் பார்த்தது பெயரையும் நேரத்தையும்தான். மாரிசெல்வி கட்டத்தில் விரல் வைத்து வாசித்தாள். வாசித்து முடித்ததும் அவள் கண்கள் விரிந்தன.

"அக்கா, இது நாங்க போன வாரம் அடுக்குன தாளு."

"எந்தத் தாள்?"

"அடுத்த வருசத்துச் செப்டம்பரு. நாலாந்தேதி கிருஷ்ண ஜெயந்தி, ரோகிணி, செகப்பு மையி. அஞ்சு மிருகசீரிடம், ஆறு திருவாதிரை, ஏளு புனர்பூசம். கையால அடுக்குனதுல்லா, மறக்குமா?"

பெத்தணன் நோட்டை இழுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஆவணிப் பௌர்ணமியில் புனர்பூசம். ஐம்பது வருடமாகக் காலண்டர் அடித்தவரின் கண் முன்னால், காலை எட்டு மணியிலிருந்து அது கிடந்திருக்கிறது. அவர் காது மடல்கள் சிவந்தன.

"எனக்குப் புரியல" என்றார் முத்துமாரியம்மாள்.

"தேதி இந்த வருஷம். நட்சத்திரம் அடுத்த வருஷம்" என்றாள் அழகுமீனா. "ஒரு வரி தப்புன்னா கைத்தவறு. மூணு வரியும் ஒரே மாதிரி தப்பு. வெள்ளிக்கிழமை ஓணம், கேரளாப் பார்ட்டி வரலைன்னு கோட்டைச்சாமி அண்ணன் சொன்னாக. ஓணம்னா அன்னைக்குத் திருவோணம். நோட்டுல மிருகசீரிடம். அன்னன்னைக்கு எழுதியிருந்தா சுவத்துத் தாளைப் பார்த்துச் சரியா எழுதியிருப்பாங்க. இது அன்னன்னைக்கு எழுதுனது இல்ல. மூணு நாளையும் ஒரே மூச்சுல, பின்னால உட்கார்ந்து எழுதினது. எழுதும்போது சுவத்துல ஏழாந்தேதித் தாளும் கிழிஞ்சு போச்சு. அப்ப இன்னைக்குக் காலையில."

"நட்சத்திரம் எங்க கெடைச்சுது?"

"இந்த அச்சகத்துல ஆடி பதினெட்டு முடிஞ்சா இந்த வருஷம்னு ஒண்ணு கெடையாது. எந்த மேசையில தேடினாலும் அடுத்த வருஷம்தான் இருக்கும். பிழை பார்க்கிறதுக்கு மாசத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. தேதியும் நட்சத்திரமும் மட்டும். மேல 'செப்டம்பர்'னு இருக்கும், வருஷம் இருக்காது. நாலு மாசமாக் கையில பழகுன பட்டியல். அவசரத்துல கை அதுக்குத்தான் போகும்."

அந்தப் பட்டியல் யார் மேசையில் இருக்கும் என்று முத்துமாரியம்மாள் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே விக்னேஷ்குமாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"7.30-க்கு நோட்டைக் கேட்டாக" என்றார். "கொண்டாந்தது 7.50. அலுவலகம் பத்தடி தூரம். இருபது நிமிஷம் என்ன செஞ்சீக?"

விக்னேஷ்குமார் சுவரில் தொங்கிய தாளைப் பார்த்தான்.

"விக்னேசு" என்றாள் அழகுமீனா. குரல் தணிந்திருந்தது. "சனிக்கிழமை நான் பார்த்ததை உன் ஒருத்தன்கிட்டத்தான் சொன்னேன்."

10.40.

"களவு போச்சுன்னு இருந்தா அப்பாவுக்கு மரியாதை மிஞ்சும்னு நெனச்சேன்க்கா" என்றான் அவன். யாரையும் பார்க்காமல் பேசினான். "நேத்து நாலு மணிக்குச் சாவி எடுத்தேன். பழக்க தோஷம், எம்பேரை நோட்டுல எழுதிட்டேன். எழுதாமச் சாவிய எடுக்கக் கை வரல. அப்புறம் பயந்து அந்தத் தாளை உருவி அடுப்புல போட்டேன். அப்பா போலீசுக்குப் போவாகன்னு நெனைக்கல. சும்மா ரெண்டு நாள் தேடிட்டு விட்டுருவாகன்னு இருந்தேன். காலையில நோட்டைக் கேட்டாக. கோட்டைச்சாமி வேற நேத்து நாலு மணிக்கு ஆணியில சாவி இல்லன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டாரு. அப்ப ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பேரு வேணும்ல."

"ஏடு?"

"எரிக்கத்தான் எடுத்தேன். முடியல. அப்பா தொட்டுத் தொட்டுத் தொடச்ச சாமான். என் மேசைக்குக் கீழ, பழைய ஆல்பத்துக்குள்ள இருக்கு."

கோட்டைச்சாமி போய் எடுத்து வந்தார். பதினெட்டும் இருந்தன.

பெத்தணன் அவற்றைத் தொடவில்லை. அழகுமீனாவிடம் கேட்டார். "நீ என்ன சொன்ன இவன்கிட்ட?"

"போலின்னு சொன்னேன் பெரியப்பா."

"எழுதியிருக்கிறது?"

"எழுதியிருக்கிறது அந்தப் பழைய ஆண்டேட்டு வரிகள்தான். எழுதின மூங்கில் புதுசு. துளையப் பாருங்க."

"துளை இருந்ததாலதான் நம்பினேன். நம்ம ஏட்டுல துளை இருக்குமே."

"நம்ம பனையோலையில இருக்கும். அவங்க பெரும்பாலும் துளை போட மாட்டாங்க. ஓரத்துல லேசாக் கீறி, கயித்தச் சுத்திக் கட்டுவாங்க. இதுல இருக்கிறது துளையிடும் எந்திரம் போட்ட துளை. ஒண்ணு மாதிரி பதினெட்டு. எழுத்தோட அமைப்பும் ஆயிரம் வருஷம் பிந்தினது."

பதினாறு வருடம். எத்தனை வியாபாரிகள், எத்தனை அதிகாரிகள். பெத்தணன் ஏதோ கணக்குப் போடுவதுபோல் நின்றார். பிறகு மகனிடம், "எனக்காகவா செஞ்ச?" என்றார்.

"ஆமாப்பா."

"மூங்கில் போலின்னா அது என் ஏமாளித்தனம். நாலு பேர் சிரிப்பான், போயிருவான். ஒரு பிள்ளையை ஜீப்புல ஏத்த இருந்தேனே, அதுக்கு எவன் சிரிப்பான்? எம்மேல காறித் துப்புவான். எந்த மரியாதையலே நீ காப்பாத்துன?"

விக்னேஷ்குமார் அழுதான். பெத்தணன் அவனைத் தேற்றவும் இல்லை. மேற்கொண்டு வையவும் இல்லை. மாரிசெல்வியின் முன்னால் போய் நின்று கை கூப்பினார்.

"தாயி, என்னை மன்னிச்சிரு. எழுத்தைப் பாத்தேன், உன் முகத்தைப் பாக்கல."

மாரிசெல்வி பதறிப் பின்வாங்கினாள். "அய்யோ, கைய எறக்குங்க மொதலாளி. எளுதுனது நீங்க இல்லையே." பிறகு விக்னேஷ்குமாரிடம் திரும்பினாள். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இம்புட்டுப் பேரு வேலை பாக்கோம். எம்பேரு எப்படி வந்துச்சு உங்களுக்கு?"

"சனிக்கிழமை நீ வாங்கினது ஞாபகம் இருந்துச்சு. அதை ஒரு வரி கீழ எறக்கி எழுதிட்டேன். வேற ஒண்ணும் நெனச்சுச் செய்யல."

"ஒரு வரி" என்றாள் மாரிசெல்வி.

அவள் சோற்றுப் பாத்திரப் பையை எடுத்துக்கொண்டாள்.

10.55. முத்துமாரியம்மாள் குறிப்பேட்டை மூடினார். வீட்டுப் பொருள் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

"ரெண்டு வரி போதாது" என்றார் பெத்தணன். "காரணத்தையும் எழுதித் தாரேன்."

"காரணம் தேவையில்லைங்கய்யா. உங்க வீட்டுப் பேரு அடிபடும்."

"அந்தப் பிள்ளை பேரு அடிபட்டப்ப எழுத்துல இருந்துச்சுல்ல? இதுவும் எழுத்துல இருக்கட்டும்."

ஒரு பக்கம் எழுதினார். மகன் பெயரை முழுதாக எழுதினார். தேதியும் நட்சத்திரமும் போட்டார். பதினொரு மணிக்கு வந்த ஜீப்பில் முத்துமாரியம்மாள் தனியாகத் திரும்பினார். அழகுமீனா பெத்தணனின் காரில் மாரிசெல்வியை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பெத்தணனும் உடன் போனார். நாரணாபுரத்தில் வேலுத்தாய் வேலையிலிருந்து வரும்வரை, வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவரே சொன்னார். வேலுத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள். அவர் இல்லை என்றார். அவள் சோறு போட்டாள்.

மாலை நான்கு மணிக்கு விருதுநகர் விழா நடந்தது. ஏடுகளைப் பெத்தணன் வழங்கினார். ஏடுகளின் அருகே வைத்த அட்டையில் அவர் எழுதச் சொன்ன வாசகம்: "போலி. 2009-இல் சீனாவில் வாங்கியது. ஏமாந்தவர்: பெத்தணன்." மாணவர்கள் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்தே நின்றார். அழகுமீனா முக்கால் மணி நேரம் பேசினாள். அந்தப் பதினெட்டு ஏடுகளைக் காட்டி, உண்மையான வரியைப் பொய்யான மூங்கிலில் எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கினாள். கேள்விகள் நிறைய வந்தன.

சாவி நோட்டிலிருந்து அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. அது இன்னும் வளையக் கோப்பில் இருக்கிறது. அதற்குப் பின்னால் விக்னேஷ்குமார் தன் கையால் எழுதிய இன்னொரு தாள் இருக்கிறது. திருவோணம், அவிட்டம், சதயம். அவிட்டத்தில் மாரிசெல்வியின் வரி. சதயத்தில் அவன் வரி.

பத்து நாள் மாரிசெல்வி வேலைக்கு வரவில்லை. பதினோராம் நாள் வந்தாள். தன் பழைய இடத்தில் உட்கார்ந்து நவம்பர் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். விக்னேஷ்குமார் அந்தப் பக்கம் வந்து மன்னிப்புக் கேட்டபோது எழுந்திருக்கவில்லை.

ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. மாரிசெல்வி ஏதோ எடுத்துவிட்டாள் என்றும், பெத்தணன் வீட்டார் பெரிய மனது பண்ணி அவளை மன்னித்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும். அது தவறு. அவள் எதையும் எடுக்கவில்லை. அவளை யாரும் மன்னிக்கவில்லை. மன்னிக்க ஒன்றும் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டவர்கள் பெத்தணனும் அவர் மகனும். தகப்பனை அவள் மன்னித்துவிட்டாள். மகனை இன்னும் மன்னிக்கவில்லை.